மில்லிமீட்டர் மட்டும் தீர்ப்பாகாது

மூளையின் இரத்தக் குழாயில் புடைப்பு இருப்பதாக அறிந்து எங்கள் பிரிவுக்கு வருவோர் முதலில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: "எத்தனை மில்லிமீட்டர், டாக்டர்?" ஸ்கேன் அறிக்கையில் அந்த எண்ணை மட்டும் பேனாவால் வட்டமிட்டுக்கொண்டு வருவோரும் உண்டு. சிறிய எண் என்றால் முகம் தெளிகிறது. பெரிய எண் என்றால் உடன் வந்தவர்களின் கண்கள் கலங்குகின்றன. இந்தப் பழக்கத்துக்கு நோயாளிகளை நாங்கள் குறை கூறமாட்டோம். அந்த எண்ணையே பெரிதாகச் சொல்லி அவர்களைப் பழக்கியவர்கள் மருத்துவர்களாகிய நாங்கள்தாம்.

அண்மையில் ஒரே வாரத்தில் இருவரைக் கண்டோம். அடையாளம் தெரியாதவாறு சில விவரங்களை மாற்றிக் கூறுகிறோம்.

முதலாமவர் அறுபது வயதை நெருங்கும் மளிகை வியாபாரி. வேறொரு காரணத்துக்காக எடுத்த ஸ்கேனில் 9 மி.மீ. புடைப்பு தெரிந்தது. அன்றுமுதல் மூன்று மாதங்களாக அவர் கடை திறக்கவில்லை. அவர் குனியவும் பாரம் தூக்கவும் மகன் விடுவதில்லை. இரவில் தூங்கினால் விழிக்கமாட்டோமோ என்று அவருக்கு அச்சம். படத்தைப் பார்த்தோம். புடைப்பு இருந்தது கண்ணுக்குப் பின்புறம், மூளையின் உறைக்கு வெளியே அமைந்த தமனிப் பகுதியில். அவ்விடத்துப் புடைப்பால் மூளையைச் சுற்றி இரத்தக் கசிவு ஏற்படுவது மிக அரிது.

இரண்டாமவர் நாற்பத்தைந்து வயதுத் தையற்காரர். மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் பிரிவிலேயே எழுதிக் கொடுத்த சீட்டைப் பத்திரமாக வைத்திருந்தார். "4 மி.மீ. சிறியது. அஞ்ச வேண்டாம்" என்று அதில் இருந்தது. மீண்டும் எப்போது வர வேண்டும் என்பது எழுதப்படவில்லை. ஆகவே அவர் வரவில்லை. கண்ணாடி மாற்றச் சென்ற இடத்தில் அந்தச் சீட்டைப் பற்றிக் கேள்வியுற்ற கண் மருத்துவர் வற்புறுத்தியதால்தான் வந்தார். புதிய படத்தில் அதே புடைப்பு 5 மி.மீ. ஆகியிருந்தது. அதன் உச்சியில் முன்பு இல்லாத சிறு மொட்டு ஒன்றும் முளைத்திருந்தது. அவருடைய தாயார் திடீர்த் தலைவலியால் மயங்கி விழுந்து, மூளையைச் சுற்றிய இரத்தக் கசிவால் இறந்தவர் என்பதை அப்போதுதான் கேட்டறிந்தோம். முன்பே கேட்டிருக்க வேண்டும்.

9 மி.மீ. உடையவர் அஞ்சத் தேவையில்லாமல் அஞ்சினார். 4 மி.மீ. உடையவர் அஞ்ச வேண்டிய அளவுக்கு அஞ்சவில்லை. இருவரையும் தவறான திசையில் அனுப்பியது தனியாக நின்ற ஓர் எண். ஆகவே இக்கட்டுரையில் எங்கள் கருத்தைத் தெளிவாக முன்வைக்க விரும்புகிறோம்: புடைப்பின் அளவோடு அதன் வடிவம், இருப்பிடம், அதனுள் இரத்தம் பாயும் விதம் ஆகியவற்றையும் நோயாளிக்கு விளக்குவது மருத்துவரின் கடமை, அவற்றைக் கேட்டறிவது நோயாளியின் உரிமை.

ஓடும் இரத்தமும் தாங்கும் சுவரும்

மூளையின் எடை உடலின் எடையில் சுமார் 2 விழுக்காடுதான். ஆயினும் இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறத்தாழ 15 விழுக்காட்டை அது பெற்றுக்கொள்கிறது. கழுத்தின் முன்புறம் இரண்டும் பின்புறம் இரண்டுமாக நான்கு தமனிகள் இந்த இரத்தத்தை மேலேற்றுகின்றன. மூளையின் அடித்தளத்தில் அவை ஒரு வளையமாக இணைகின்றன. 1664-ஆம் ஆண்டு வெளியான தம் நூலில் இவ்வளையத்தை விரிவாக விளக்கிய ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வில்லிஸின் பெயரால் அது 'வில்லிஸ் வளையம்' எனப்படுகிறது. மூளைப் புடைப்புகளில் பெரும்பாலானவை இவ்வளையத்திலும் அதிலிருந்து கிளைகள் பிரியும் முனைகளிலுமே தோன்றுகின்றன.

ஏன் கிளை பிரியும் இடத்தில்? வயலுக்கு நீர் பாய்ச்சியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நேராக ஓடும் வாய்க்காலில் கரை நெடுநாள் நிற்கும். வாய்க்கால் இரண்டாகப் பிரியும் இடத்தில், நடுவே நிற்கும் மண்முனையில்தான் நீர் நேராக வந்து மோதும். அரிப்பும் அங்கேதான் தொடங்கும். தமனி இரண்டாகப் பிரியும் முனையும் அத்தகையதே. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை இதயத் துடிப்பின் வேகத்தோடு இரத்தம் அங்கே மோதுகிறது. அதிலும் மூளைத் தமனிகளின் சுவர், உடலின் பிற இடங்களில் உள்ள அதே பருமனுள்ள தமனிகளின் சுவரைவிட மெல்லியது. வெளிப்புற மீள்தன்மைப் படலம் அதற்கு இல்லை. சுற்றிலும் தாங்கிப் பிடிக்கும் தசையும் இல்லை. மூளைத் தண்டுவடத் திரவத்தின் நடுவே அது கிடக்கிறது.

தமனியின் சுவர்மீது இரத்தம் இருவகையாகச் செயல்படுகிறது. ஒன்று, சுவரை வெளிநோக்கித் தள்ளும் அழுத்தம். கையில் பட்டை கட்டி நாம் அளக்கும் இரத்த அழுத்தம் இதைச் சார்ந்தது. மற்றொன்று, சுவரின் உட்பரப்பை உரசிக்கொண்டு செல்லும் விசை. இந்த உரசல் விசை மிகச் சிறியது. ஆனால் சுவரின் உட்பரப்பில் ஓடு பதித்தாற்போல் அமைந்த உயிரணுக்கள் அதை நுட்பமாக உணர்கின்றன. ஓட்டம் சீராக இருந்தால் அவை ஓட்டத்தின் திசையில் நீண்டு படிந்து, சுவரைப் பேணுகின்றன. ஓட்டம் மிக வேகமாக மோதினாலும், சுழன்று தேங்கினாலும், அவற்றின் ஒழுங்கு குலைகிறது.

இரத்த ஓட்டமே புடைப்பை உருவாக்க வல்லது என்பதற்கு நல்ல சான்றுகள் உண்டு. வில்லிஸ் வளையம் குறையின்றி முழுமையாக அமைந்தவர்கள் மக்களில் பாதிக்கும் குறைவு. சிலருக்கு வளையத்தின் முன்பகுதியில் ஒரு பக்கத் தமனி மிக ஒடுங்கியிருக்கும். அப்போது மறுபக்கத் தமனி இரு பக்கத்துக்கும் சேர்த்து இரத்தத்தைச் சுமக்கிறது. அத்தகையோருக்கு அவ்விரு பக்கங்களும் சந்திக்கும் இடத்தில் புடைப்பு தோன்றுவது மிகுதி. நோயின் பொருட்டுக் கழுத்துத் தமனி ஒன்று அடைக்கப்பட்டவர்கள் சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்து எதிர்ப்பக்கத்தில் புதிய புடைப்பு தோன்றியதும் உண்டு. 1978-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எலிகளில் ஒரு பக்கக் கழுத்துத் தமனியைக் கட்டி, இரத்த அழுத்தத்தை உயர்த்தி, சுவரை நலிவுறச் செய்யும் பொருளையும் கொடுத்தபோது, மூளைத் தமனிகளில் புடைப்புகள் உருவாயின.

குடமும் கிண்ணமும்

புடைப்பு தோன்றிய பிறகு அதன் வடிவமே உள்ளே ஓட்டத்தை ஆள்கிறது. அகன்ற வாயும் ஆழமின்மையும் உடைய கிண்ணத்தில் நீரை ஊற்றினால் உடனே சுழன்று வெளியேறும். குறுகிய கழுத்தும் ஆழமும் உடைய குடத்தினுள் சென்ற நீர் அங்கேயே நின்று சுற்றும். புடைப்பின் உயரத்தை அதன் கழுத்தின் அகலத்தால் வகுத்துப் பார்ப்பது இதனால்தான். இந்த விகிதம் 1.6-ஐத் தாண்டியவை வெடித்த புடைப்புகளிடையே மிகுதி என ஜப்பானிய ஆய்வொன்று சுட்டியது. பின்னர் வந்தோர் வேறு எல்லைகளையும் கூறினர். எனினும் குடம்போன்ற புடைப்பைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும் என்பதில் ஐயமில்லை.

புடைப்பின் அளவைத் தாய்த் தமனியின் விட்டத்தோடு ஒப்பிடுவதும் முக்கியம். 5 மி.மீ. புடைப்பு 4 மி.மீ. தமனியில் இருப்பதும் 2 மி.மீ. தமனியில் இருப்பதும் ஒன்றாகா. பின்னதில் அது தாய்த் தமனியைப் போல் இரண்டரை மடங்கு. ஒப்பீட்டில் அது பெரிய புடைப்பே.

மூன்றாவதாக மேற்பரப்பு. வழவழப்பான உருண்டையைவிட, முடிச்சும் மொட்டுமாக மேடுபள்ளம் கொண்ட புடைப்பு ஆபத்து மிக்கது. சுவர் எல்லா இடத்திலும் ஒரே வலிமையோடு இல்லை என்பதை அந்த மொட்டு காட்டுகிறது.

இங்கு ஒரு சிக்கலையும் மறைக்காமல் கூற வேண்டும். சுவரை நலியச் செய்வது மிகையான உரசலா, குறைவான உரசலா என்று ஆய்வாளர்கள் நெடுங்காலமாக வாதிட்டு வருகின்றனர். எங்கள் பார்வையில் இரண்டும் நேர்கின்றன. அறுவை மேசையில் நுண்ணோக்கி வழியே காணும்போது சில புடைப்புகளின் சுவர் சிவந்து, உள்ளே சுழலும் இரத்தம் தெரியுமளவுக்கு மெலிந்திருக்கும். வேறு சில தடித்து, வெளிறி, மஞ்சள் படிந்திருக்கும். வேகமாக மோதும் ஓட்டம் சுவரை மெலியச் செய்யலாம். தேங்கிச் சுழலும் ஓட்டம் அழற்சியைத் தூண்டி, சுவரின் வலிமைக்கு ஆதாரமான கொலாஜன் நார்களைச் சிதைக்கலாம். ஒரே புடைப்பிலேயே இருவகைப் பகுதிகளும் அடுத்தடுத்து இருப்பதுண்டு.

அளவு பொய்யா?

அவ்வாறு சொல்வது பிழை. குழியின் ஆரம் பெருகப் பெருக, அதே அழுத்தத்தில் சுவர் தாங்க வேண்டிய இழுவிசையும் பெருகும் என்பது இயற்பியல் விதி. பன்னாட்டு ஆய்வொன்று 2003-இல் வெளியிட்ட முடிவுகளில், முன்புறத் தமனிகளில் 7 முதல் 12 மி.மீ. வரையான புடைப்புகள் ஐந்தாண்டுகளில் வெடித்தது 2.6 விழுக்காடு, 25 மி.மீ. மற்றும் அதற்கு மேற்பட்டவை வெடித்தது 40 விழுக்காடு. அளவு முக்கியமே. ஆனால் அதே ஆய்வில், 7 முதல் 12 மி.மீ. அளவே உடைய பின்புறத் தமனிப் புடைப்புகள் வெடித்தது 14.5 விழுக்காடு. எண் ஒன்றே, இடம் மாறியதும் ஆபத்து பல மடங்கு மாறிவிட்டது.

2012-இல் வெளியான ஜப்பானிய ஆய்வு 5,720 பேரிடம் இருந்த 6,697 புடைப்புகளைப் பின்தொடர்ந்தது. ஓராண்டில் வெடித்தவை மொத்தத்தில் 0.95 விழுக்காடு; அதாவது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. மொட்டு முளைத்தவற்றில் அந்த ஆபத்து சுமார் 1.6 மடங்கு. நடு மூளைத் தமனியில் உள்ளவற்றைவிட வளையத்தின் இணைப்புத் தமனிகளில் உள்ளவை வெடிக்கும் வாய்ப்பும் கூடுதல்.

"பிறகு ஏன் வெடித்து வருவோர் பலரிடம் 7 மி.மீ.க்கும் குறைந்த புடைப்பையே காண்கிறீர்கள்?" என்று ஒரு நோயாளியின் மகள் எங்களிடம் கேட்டார். நல்ல கேள்வி. சிறிய புடைப்புகள் ஒவ்வொன்றின் ஆபத்தும் குறைவு. அவற்றின் எண்ணிக்கையோ மிக அதிகம். வயது வந்தோரில் நூற்றுக்குச் சுமார் மூவரிடம் மூளைப் புடைப்பு உண்டு. பெரும்பாலோர் அதை அறியாமலேயே முழு வாழ்வும் வாழ்ந்து முடிக்கின்றனர். அத்தனை பேரையும் அச்சுறுத்துவது அறமன்று. அவர்களுள் கவனிக்க வேண்டிய சிலரைத் தவறவிடுவதும் அறமன்று. வடிவத்தையும் ஓட்டத்தையும் ஆராய்வது இந்தச் சிலரை இனங்காணவே.

கணினி சொல்லும் கதை

இன்று முப்பரிமாணப் படத்தைக் கொண்டு, புடைப்பினுள் இரத்தம் எவ்வாறு சுழல்கிறது என்பதைக் கணினியில் கணக்கிட்டு, சிவப்பும் நீலமுமாகத் தீட்டிக் காட்ட முடிகிறது. பார்ப்பதற்கு அழகானது, ஆராய்ச்சிக்கு மிகப் பயனுள்ளது. ஆயினும் அந்த வண்ணப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு "இது வெடிக்கும், இது வெடிக்காது" என்று தீர்ப்பளிப்பதை நாங்கள் ஏற்கவில்லை. அக்கணக்கில் பெரும்பாலும் சுவர் அசையாத குழாயாகக் கொள்ளப்படுகிறது. இரத்தம் உட்புகும் வேகம் பல வேளைகளில் ஊகிக்கப்படுகிறது. சுவர் எவ்விடத்தில் எவ்வளவு மெலிந்துள்ளது என்பதோ வழக்கமான ஸ்கேனில் தெரிவதில்லை. ஒரே புடைப்பின் படத்தைப் பல குழுக்களிடம் கொடுத்துக் கணக்கிடச் செய்த ஒப்பீடுகளில் விடைகள் ஒன்றுபோல் வரவில்லை. மில்லிமீட்டரின் இடத்தில் வண்ணப்படத்தை ஏற்றிவைத்தால், பழைய பிழையே புதிய உடை உடுத்தியதாகும்.

சிகிச்சை என்பது ஓட்டத்தைத் திருத்துவது

புடைப்புக்கான சிகிச்சைகள் எல்லாம் ஒரு வகையில் ஓட்டத்தை மாற்றும் முயற்சிகளே. 1937-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் வால்டர் டேண்டி புடைப்பின் கழுத்தில் கிளிப் பொருத்தி, இரத்தம் உட்புகும் வாயிலை மூடினார். 1990-களில், தொடை வழியே நுண்குழாய் செலுத்திப் புடைப்பினுள் பிளாட்டினக் காயில்களைச் சுருட்டி நிரப்பும் முறை பரவியது. உள்ளே ஓட்டம் அடங்கி இரத்தம் உறைகிறது. கடந்த பதினைந்து ஆண்டுகளாக, தாய்த் தமனியிலேயே நெருக்கமாகப் பின்னிய ஸ்டென்டை விரித்து, ஓட்டத்தைத் தமனியின் வழியிலேயே திருப்பிவிடும் முறையும் கைவந்துள்ளது. எல்லோருக்கும் எல்லாம் பொருந்துவதில்லை. கழுத்து அகன்றதா, கிளைத் தமனி புடைப்பிலிருந்தே பிரிகிறதா என்பன போன்ற வடிவக் கேள்விகளே தேர்வைத் தீர்மானிக்கின்றன.

இச்சிகிச்சைகளுக்கும் ஆபத்து உண்டு. நூற்றில் சிலருக்குப் பக்கவாதமோ இரத்தக் கசிவோ நேரலாம். ஆகவே, வெடிக்கும் ஆபத்தைச் சிகிச்சையின் ஆபத்தோடு தராசில் வைத்து நிறுத்த வேண்டும். சிலருக்கு விழிப்போடு காத்திருப்பதே மிகச் சிறந்த மருத்துவம். ஆனால் காத்திருத்தல் என்பதற்குத் தேதி வேண்டும். முதல் மறுபரிசோதனை பொதுவாக 6 முதல் 12 மாதங்களுக்குள். அதன்பின் மருத்துவர் வகுக்கும் இடைவெளியில். தேதியில்லாத "அஞ்ச வேண்டாம்" பாதி மருத்துவமே.

தங்கள் கையில் உள்ளவை

புடைப்பின் வடிவத்தையும் இடத்தையும் தாங்கள் மாற்ற இயலாது. சுவர்மீது விழும் சுமையை மாற்ற இயலும். உயர் இரத்த அழுத்த மாத்திரையை ஒரு நாளும் தவறாமல் உட்கொள்ளுங்கள். தலை சுற்றவில்லை என்பதால் அழுத்தம் சரியாக இருப்பதாகப் பொருளில்லை. பீடி, சிகரெட்டை அறவே விடுங்கள். புகை, சுவரின் அழற்சியையும் இரத்த அழுத்தத்தையும் ஒருசேரத் தூண்டுகிறது. நேரடி உறவில் இருவருக்கோ அதற்கு மேற்பட்டோருக்கோ மூளைப் புடைப்பு இருந்தாலும், குடும்பத்தில் பரம்பரைச் சிறுநீரகக் கட்டி நோய் இருந்தாலும் மருத்துவரிடம் கூறுங்கள். மற்றவர்களுக்கும் ஸ்கேன் தேவையா என அவர் முடிவு செய்வார்.

அடுத்த முறை வரும்போது அளவோடு இக்கேள்விகளையும் கேளுங்கள்: புடைப்பு எந்தத் தமனியில் உள்ளது? வழவழப்பானதா, மொட்டு உடையதா? கழுத்து அகன்றதா, குறுகியதா? பழைய படத்தோடு ஒப்பிட்டீர்களா? அடுத்த ஸ்கேன் எப்போது? பழைய படங்களையும் குறுந்தகடுகளையும் எறிந்துவிடாதீர்கள். வளர்ச்சியைக் காட்டும் சாட்சி அவையே.

இதற்கு முன் கண்டிராத கடுமையுடன் நொடிப்பொழுதில் உச்சம் தொடும் தலைவலி, அதனுடன் வாந்தி, கழுத்து விறைப்பு, மயக்கம் ஆகியவை வந்தாலோ, திடீரென ஒரு கண்ணின் இமை தொங்கிப் பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, புடைப்பின் அளவை எண்ணிக்கொண்டு வீட்டில் காத்திராதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். புடைப்பு வெடித்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரைக் காப்பாற்ற முடிவதில்லை. மீண்டும் வெடிக்கும் ஆபத்து முதல் சில மணி நேரங்களிலேயே மிகுதி.

தையற்காரருக்குக் காயில் சிகிச்சை அளித்தோம். நலமாக வீடு திரும்பித் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்துவிட்டார். மளிகை வியாபாரிக்குச் சிகிச்சை ஏதும் அளிக்கவில்லை. படத்தை எதிரே வைத்து அரைமணி நேரம் பேசினோம். மறு வாரமே கடையைத் திறந்ததாக மகன் தெரிவித்தார். இருவர் கையிலும் இப்போது புதிய சீட்டு உண்டு. புடைப்பின் இடம், வடிவம், கழுத்தின் அகலம், அடுத்த பரிசோதனைத் தேதி ஆகியவற்றை அதில் எழுதிக் கொடுத்துள்ளோம். மில்லிமீட்டரும் அவற்றுள் ஒரு வரியாக உள்ளது.